எஞ்சின் இறக்குதலும் உயிர்க் காப்பும்

 

இருபத்தைந்து ஆண்டுக் காலம் ஒரு கல்விக் கழகம் தளராது நின்று பணியாற்றுவது எளிய செயலன்று. கைக்காசு போட்டு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தவர்களும், கூலி வேலை முடிந்து வந்து இரவுப் பாடசாலைக்கு விளக்கேற்றியவர்களும், தங்கள் பிள்ளைகளைப் போலவே பிறர் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று எண்ணியவர்களும் சேர்ந்து வளர்த்த மரம் இது. அவர்களை வணங்கியே நம் உரையைத் தொடங்குகின்றோம்.

வெள்ளி விழா மேடையில் இலக்கியமோ வரலாறோ பேசப்படும் என்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக் கொண்டிருப்பதோ எண்ணெய்க் கறை படிந்த ஒரு பொருள். மோட்டார் காரின் எஞ்சினைப் பழுது பார்ப்பதற்காக, ஆளுக்கும் வண்டிக்கும் கேடு வராமல் வெளியே எடுப்பது எவ்வாறு என்பதே அது. தலைமையாசிரியருக்கும் பட்டறைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். நம் பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர்களில் பலர் செல்லும் இடம் பட்டறை. அவர்கள் அங்கே கையையும் காலையும் இழக்காமல் வாழ வேண்டும் என்பதில் ஆசிரியருக்குப் பங்கில்லையா?

டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1942-ஆம் ஆண்டு வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பினை ஏற்றார். அவ்வாண்டிலேயே அவர் வைசிராய்க்கு அளித்த கோரிக்கை மனுவில் பதவிகளை மட்டும் கேட்கவில்லை. விஞ்ஞானக் கல்விக்கும் தொழில்நுட்பக் கல்விக்கும் உதவித் தொகை கேட்டார். அரசாங்க அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கேட்டார். உடல் உழைப்பை மட்டும் நம்மிடம் ஒப்படைத்து, அவ்வுழைப்பை ஆளும் அறிவைத் தங்களிடமே வைத்துக் கொண்ட சமூகத்தில், அக்கோரிக்கையின் ஆழம் எத்தகையது என்பதை நாம் உணர வேண்டும். பாரம் தூக்குவது நமக்குப் புதிதன்று. எவ்வளவு பாரம், எந்தக் கோணத்தில், எந்தச் சங்கிலியில் என்று கணக்கிட்டுத் தூக்குவதே நாம் கைப்பற்ற வேண்டிய அறிவு.

இறக்கத்தான் வேண்டுமா?

பட்டறைப் பேச்சில் இவ்வேலையை ‘எஞ்சின் இறக்குதல்’ என்பர். முதலில் நடப்பது தூக்குதல், பிறகுதான் இறக்குதல். வாகனத்திலேயே மிகவும் கனமான ஒற்றை உறுப்பைத் தூக்கும் வேலை இது. ஆகவே செய்யாமலே விடக்கூடிய இடத்தில் செய்யாதிருப்பதே முதற் பாதுகாப்பு.

எடுத்துக்காட்டுக்கு அம்பாசிடர் காரையே கொள்வோம். மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் வண்டியை அடியொற்றி, 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் உற்பத்தி தொடங்கி, 2014-ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வண்டி அது. அமைச்சர் முதல் வாடகைக் கார் ஓட்டுநர் வரை அதில் சென்றனர். இன்றும் ஆங்காங்கே ஓடுகின்றது. நீண்ட காலம் அதில் இருந்தது 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பானெட்டைத் திறந்தால் எல்லா உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கையும் நுழையும். தொழில் கற்பவனுக்கு அதனினும் நல்ல பாடப் புத்தகம் இல்லை.

இவ்வெஞ்சினின் வால்வுகள் தலைப்பகுதியில், அதாவது சிலிண்டர் ஹெட்டில், அமைந்தவை. எனவே வால்வு தேய்ந்தாலும், ஹெட் கேஸ்கட் எரிந்தாலும், ஹெட்டை மட்டும் கழற்றிச் சரி செய்யலாம். எஞ்சின் தன் இடத்திலேயே இருக்கலாம். சிலிண்டர் தேய்ந்து மறுபடி துளையிட்டுக் கடைய வேண்டிய போதும், கிராங்க் ஷாப்ட்டைத் தீட்ட வேண்டிய போதும், பிளாக்கில் வெடிப்புக் கண்ட போதுமே எஞ்சினை வெளியே எடுத்தல் வேண்டும்.

எது பழுது என்று அறிவது எப்படி? ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்துச் சோதிக்க வேண்டும். ஒன்றில் அழுத்தம் குறைந்திருந்தால், அந்த ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறிது எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கின்றது. எண்ணெய் அவ்விடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் உயர்ந்தது. உயராவிட்டால் குற்றம் வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கின்றது. ஐந்து நிமிடச் சோதனை இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தும். ‘எதற்கும் இறக்கிப் பார்த்து விடுவோம்’ என்பவன் தொழிலாளி. ‘இறக்க வேண்டியதில்லை’ என்று காரணத்தோடு சொல்ல வல்லவன் தொழில்நுட்பம் அறிந்தவன். இருவருக்கும் கூலியில் உள்ள வேறுபாட்டைப் பட்டறை உரிமையாளரே அறிவார்.

இடமும் ஏற்பாடும்

வேலை நடக்கும் தரை சமமான சிமெண்டுத் தரையாக இருத்தல் வேண்டும். மண் தரையில் தூக்குகருவியின் கால் புதையும். சரிவில் வண்டி நகரும். கைப் பிரேக்கைப் போட்ட பின்னும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் வேண்டும். காற்றோட்டம் தேவை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே சென்று மறைவதில்லை. தரையில் ஊர்ந்து சென்று, வண்டிக்கு அடியில் வேலை செய்யத் தோண்டிய குழியில் தேங்கும். கடுங்குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் என்றால், நம் ஊர் வெயிலில் சொல்லவும் வேண்டுமோ? எனவே பீடியும் சிகரெட்டும் வாசலுக்கு வெளியே. உலர்தூள் தீயணைப்பானும் மணல் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில்.

வண்டிக்கு அடியில் செல்ல வேண்டிய வேலையும் இதில் உண்டு. இளைஞர்களே, இவ்விடத்தில் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஹைட்ராலிக் ஜாக்கியில் வண்டியைத் தாங்குவது எண்ணெயும், அதை அடைத்து நிற்கும் ஒரு சிறு ரப்பர் வளையமும்தான். அந்த வளையம் கிழிந்தால் எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே ஜாக்கியால் தூக்கியதும், வண்டியின் வலுவான பகுதிக்குக் கீழே இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியை அவற்றின்மேல் இறக்கிய பின்னரே ஒருவர் அடியில் செல்லலாம். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்கிகள் அல்ல. அவை வளைந்து காட்டிய பிறகு உடைவதில்லை; நொடியில் நொறுங்கி விழும்.

‘நீ சின்ன உடம்பு, நீ அடியில் போ’ என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. சின்ன உடம்பு என்பது பெரும்பாலும் சின்னச் சம்பளத்தையும் குறிக்கும். தாங்கி வைக்காத வண்டிக்கு அடியில் போக மறுக்கும் துணிவை நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்றுத் தர வேண்டும். அது சோம்பலன்று, கீழ்ப்படியாமையும் அன்று. பௌதிகம் படித்தவனின் கடமை.

கழற்றும் ஒழுங்கு

எஞ்சின் சூடாக இருக்கும்போது எதையும் தொடலாகாது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. காரணம் என்ன? மூடிய ரேடியேட்டரில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். அழுத்தம் கூடினால் தண்ணீரின் கொதிநிலை உயரும். காற்று மண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கின்றது. மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் விழுந்து, தண்ணீர் ஒரே நொடியில் பொங்கி நீராவியாய்ச் சீறுகின்றது. வீட்டுப் பிரஷர் குக்கரை அடங்குமுன் திறக்காத தாய்மார்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து பேட்டரி. வண்டியின் உடலோடு இணைந்துள்ள எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். இன்றைய வண்டிகளில் அது நெகடிவ் முனை. மிகப் பழைய சில பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிடிவ் முனை. ஆகவே நிறத்தைப் பார்க்காமல், எந்தக் கம்பி உடலோடு இணைகின்றது என்று பார்த்தல் நன்று. மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பானரின் மறுநுனி வண்டியின் இரும்பைத் தொட்ட மாத்திரத்தில் மின்சுற்று முழுமையடைந்து பெருமின்னோட்டம் பாயும். ஸ்பானர் பழுக்கும், தீப்பொறி பறக்கும். பேட்டரியோ ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் பொருள். எர்த்தை முதலில் விலக்கினால் இந்த ஆபத்தே இல்லை. மீண்டும் பூட்டும்போது எர்த்தைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி இவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது முறை.

பின்னர் பானெட். கீல் இருந்த இடத்தைக் கோடிட்டுக் குறித்துக் கொண்டு இருவராகத் தூக்கிச் சுவரோரம் வைக்க வேண்டும். பிறகு ரேடியேட்டர் நீரையும் எஞ்சின் எண்ணெயையும் தனித்தனிப் பாத்திரங்களில் வடிக்க வேண்டும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டு திரவத்தில் எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருக்கும். அதன் சுவை இனிப்பு. திறந்து வைத்தால் நாயும் பூனையும் குடித்து மாளும். குழந்தையும் குடிக்கக் கூடும். பழைய எஞ்சின் எண்ணெய் நாள்தோறும் தோலில் படிந்து வந்தால் தோல் நோயும் காலப்போக்கில் புற்றுநோயும் வரக்கூடும். எனவே அழுக்கு வேஸ்ட் துணியைச் சட்டைப் பையில் செருகிக் கொள்வதையும், பெட்ரோலில் கை கழுவுவதையும் அறவே விட வேண்டும். எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவது நம் தெருக் கிணற்றில் நாமே ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

ரேடியேட்டரையும் அதன் ரப்பர்க் குழாய்களையும் எடுத்தபின், காற்று வடிகட்டி, கார்புரேட்டருக்கு வரும் ஆக்சிலேட்டர் கம்பி, சோக் கம்பி, பெட்ரோல் குழாய் ஆகியவற்றைக் கழற்றலாம். பெட்ரோல் குழாயின் வாயை உடனே அடைக்க வேண்டும். டைனமோ, ஸ்டார்ட்டர், காயில், எண்ணெய் அழுத்தம் காட்டும் கருவி, வெப்பம் காட்டும் கருவி ஆகியவற்றின் மின்கம்பிகள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி எண் எழுத வேண்டும். அதே எண்ணை ஒரு நோட்டில் எழுதி, இது எங்கிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். கழற்றிய போல்ட்டுகளை உறுப்பு வாரியாகத் தனித்தனிச் சிறு பைகளில் இட வேண்டும். ‘நினைவில் இருக்கும்’ என்று சொல்லாதிருப்பதே நல்ல மெக்கானிக்கின் அடையாளம். எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பட்டறையில் என்ன பயன் என்று கேட்போருக்கு இந்த நோட்டே விடை.

பின்னர் புகைப்போக்கிக் குழாயை மேனிபோல்டிலிருந்து விலக்க வேண்டும். அம்பாசிடரில் எஞ்சின் நீள வாக்கில் அமைந்து, பின் சக்கரங்களுக்கு விசையைப் புரொப்பெல்லர் ஷாப்ட் வழியே அனுப்புகின்றது. கியர் பெட்டியோடு சேர்த்து எடுப்பதாயின் அந்த ஷாப்ட்டையும் கழற்ற வேண்டும். கழற்றுமுன் இணைப்புத் தட்டுகள் இரண்டிலும் ஒரே நேராய் ஒரு குறியிட வேண்டும். கியர் பெட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுப்பதாயின், கியர் பெட்டிக்கு அடியில் ஜாக்கியும் கட்டையும் கொடுத்துத் தாங்கிய பிறகே பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். எஞ்சினை நேர்கோட்டில் முன்னோக்கி இழுத்து, கியர் பெட்டியின் தண்டு க்ளட்ச்சைவிட்டு முழுதும் வெளிவந்த பின்னரே உயர்த்த வேண்டும். அதற்கு முன் உயர்த்தினால் எஞ்சினின் எடை முழுவதும் அந்த மெல்லிய தண்டில் தொங்கும், க்ளட்ச் தட்டு கெடும், தண்டும் வளையும். பழைய க்ளட்ச் தட்டுகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் கொல்லும் இயல்புடையது. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தூக்கும் கணக்கு

நான்கு சிலிண்டர் வார்ப்பிரும்பு எஞ்சினின் எடை நூறு கிலோவைத் தாண்டும். கியர் பெட்டியோடு சேர்த்தால் கணக்குக்கு 200 கிலோ என்று வைத்துக் கொள்வோம். இதைத் தூக்கச் செயின் பிளாக்கும் முக்காலியும், அல்லது சக்கரம் பூண்ட ஹைட்ராலிக் கிரேனும் வேண்டும். பட்டறைக் கூரையின் மரவிட்டமும், வேப்பமரக் கிளையும், தேங்காய் நார்க் கயிறும், நைலான் கயிறும் இதற்கு உரியவை அல்ல. கருவியின்மேல் எழுதியிருக்கும் பாதுகாப்பான எடை நாம் தூக்கும் எடையைப் போல் இரு மடங்காவது இருத்தல் நன்று. முக்காலியின் கால்கள் விரிந்து சாயாதிருக்க அவற்றை அடியில் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைக்க வேண்டும்.

இனி வருவது மேல்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் இணைகர விதியேயாகும். எஞ்சினின் முன்னும் பின்னும் இரு இடத்தில் கொக்கி மாட்டி, இரு சங்கிலிகளையும் மேலே ஒரு புள்ளியில் சேர்த்துத் தூக்குகின்றோம். சுமை 200 கிலோ என்றால் ஒவ்வொரு சங்கிலியும் 100 கிலோ தாங்கும் என்றே படிக்காதவன் எண்ணுவான். இரு சங்கிலிகளும் செங்குத்தாய்த் தொங்கும்போது மட்டுமே அது உண்மை. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் 60 டிகிரி ஆனால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 115 கிலோ இழுவிசையைத் தாங்கும். 90 டிகிரி ஆனால் 141 கிலோ. 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு சங்கிலியும் முழு 200 கிலோவையும் தாங்கும். சங்கிலி குட்டையாகிக் கோணம் 150 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொன்றின்மேலும் 386 கிலோ இழுவிசை வரும். எஞ்சினின் எடை ஒரு கிலோவும் கூடவில்லை. கோணம் மட்டுமே கூடியது. நேற்று தூக்கிய சங்கிலி இன்று ஏன் அறுந்தது என்று திகைப்போர், கோணத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே சங்கிலி போதிய நீளமுள்ளதாகவும், இடைக்கோணம் 60 டிகிரிக்குள் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தைவிட அகலாதிருந்தால் போதும் என்று கண்ணளவாகக் கொள்ளலாம்.

ஹைட்ராலிக் கிரேனுக்கு வேறொரு கணக்குண்டு. அதன் கையை நீட்ட நீட்ட, அது தூக்கக்கூடிய எடை குறையும். விசையையும் தூரத்தையும் பெருக்கினால் வரும் திருப்புத்திறன் என்று பள்ளியில் கற்பிக்கின்றோமே, அதுவேதான். கையின் ஒவ்வொரு துளைக்கும் எதிரே எத்தனை கிலோ என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் படித்த பின்னரே கொக்கியை மாட்ட வேண்டும்.

சங்கிலியை எஞ்சினின் எப்பகுதியில் மாட்டுவது? தூக்குவதற்கென்றே அமைந்த வளையங்கள் இருந்தால் அவற்றில். இல்லையேல் பிளாக்கிலோ ஹெட்டிலோ உள்ள வலுவான திரெட் துளைகளில், தலையில் 8.8 என்று பொறித்த உறுதி மிக்க போல்ட்டுகளை இறுக்கி மாட்ட வேண்டும். போல்ட்டின் விட்ட அளவுக்காவது திரெட் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அலுமினியமாயின் அதைப்போல் இரு மடங்கு. ராக்கர் மூடியிலும், எண்ணெய்த் தொட்டியிலும், கார்புரேட்டர் மேனிபோல்டிலும் மாட்டுவது எஞ்சினைக் கெடுப்பதோடு ஆளையும் கெடுக்கும்.

தொங்கும் எடையின் முன்

சங்கிலி சற்றே இறுகும் அளவுக்கு இழுத்துவிட்டு, எஞ்சினின் எடை கிரேனுக்கு வந்த பிறகே தாங்குபட்டைகளின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். பின் இரண்டு விரற்கடை உயர்த்தி நிறுத்த வேண்டும். இந்த நிறுத்தமே வேலை முழுவதிலும் மிக முக்கியமான கணம். சுற்றிலும் ஒருமுறை பார்வையைச் செலுத்தினால் மறந்துபோன எர்த் பட்டையோ, வேகமானிக் கம்பியோ, ஒரு குழாயோ இழுபட்டுக் கொண்டிருப்பது தெரியும். எஞ்சின் எதிலாவது தடுக்கினால் வலுவைக் கூட்டாதீர்கள். தடுப்பது எது என்று தேடுங்கள். வலுவைக் கூட்டினால் தடை விலகும் நொடியில் எஞ்சின் துள்ளி ஊஞ்சலாடும்.

கட்டளை இடுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். நால்வர் நான்கு பக்கம் நின்று ‘தூக்கு’, ‘இறக்கு’ என்று கூவுவது விபத்தை வரவேற்பதாகும். ‘நிறுத்து’ என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லலாம். வயதில் மிகவும் இளையவன் சொன்னாலும் எல்லோரும் அப்போதே நிறுத்த வேண்டும்.

தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கையோ, காலோ, தலையோ ஒரு போதும் செல்லலாகாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட எடுத்துக் கொள்ளும் நேரம் அரை விநாடிக்கும் குறைவு. ‘விழுந்தால் கையை எடுத்துக் கொள்வேன்’ என்பவன், விழுவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை அசைவதற்குள் காலம் கடந்துவிடும் என்பதை அறியான். எண்ணெய்த் தொட்டியின் அடியில் தங்கிய ஒரு நட்டை எடுக்கக் கையை நீட்டுவதைவிட, அந்த நட்டை இழப்பது மேல்.

எஞ்சின் வண்டியின் முகப்பைத் தாண்டிய உயரத்துக்கு வந்ததும், முக்காலியாயின் எஞ்சினை அசைக்காமல் வண்டியின் கட்டைகளை எடுத்து வண்டியையே பின்னால் தள்ள வேண்டும். கிரேனாயின் எஞ்சினைத் தரைக்கு அருகே இறக்கிய பிறகே கிரேனை நகர்த்த வேண்டும். உயரத்தில் தொங்கவிட்டபடி நகர்த்தினால் ஒரு சிறு கல் தடுக்கினாலும் கிரேன் சாயும். பிறகு தாமதமின்றி எஞ்சின் ஸ்டாண்டிலோ, உறுதியான மரக்கட்டைகளின் மேலோ அமர்த்த வேண்டும். தேநீர் அருந்தச் செல்லும்போது எஞ்சினைத் தொங்கவிட்டுச் செல்வது கூடவே கூடாது.

புதிய வண்டிகளில் கவனிக்க வேண்டியவை

இன்று ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கமுடையவை. மாருதி 800 நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு வந்ததிலிருந்து இம்முறை பரவியது. எஞ்சின் குறுக்கு வாக்கில் அமைந்து, கியர் பெட்டியோடு ஒன்றாயிருக்கும். சக்கரங்களுக்குச் செல்லும் டிரைவ் ஷாப்ட்டுகளை உருவிய பின்னரே அது அசையும். சில வண்டிகளில் எஞ்சினை மேலே தூக்காமல் கீழே இறக்கி, உடலை மேலே உயர்த்துவர். உற்பத்தியாளரின் கையேட்டைப் படிக்காமல் தொடங்குவது இங்கே இயலாத காரியம்.

பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வண்டிகளில் எஞ்சின் நின்ற பின்னும் குழாயில் அழுத்தம் இருக்கும். எரிபொருள் பம்ப்பின் பியூசை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தணித்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். காமன் ரெயில் டீசல் வண்டிகளில் இந்த அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் செல்லும். அங்கே கசியும் ஊசி முனையளவு டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். அவ்வாறு புகுந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குளிர்சாதன வாயுவுள்ள குழாய்களைத் திறக்காமல், கம்பிரஸரை அதன் இருக்கையிலிருந்து விடுவித்து ஓரமாகக் கட்டி வைக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ வாயு சுழிக்குக் கீழே 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணிலோ கையிலோ பட்டால் உறைய வைத்துப் புண்ணாக்கும். ஹைப்ரிட் வண்டிகளிலும் மின்சார வண்டிகளிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உடையவை. அதற்கென்று தனிப் பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடலாகாது.

மீண்டும் பூட்டுவது கழற்றியதன் எதிர்வரிசையே. க்ளட்ச் தட்டை மையப்படுத்தும் தண்டால் நேர்செய்து, போல்ட்டுகளை டார்க் ஸ்பானரால் குறித்த அளவுக்கு இறுக்கி, எண்ணெயும் நீரும் ஊற்றி, நோட்டில் எழுதிய எண்களின்படி கம்பிகளைப் பூட்டி, எர்த்தைக் கடைசியில் மாட்ட வேண்டும். மேசைமேல் ஒரு போல்ட் மிஞ்சியிருந்தால் சாவியைத் திருப்பக் கூடாது.

படிப்பும் பட்டறையும்

இளைஞர்களே, இதுவரை கூறியவற்றைச் சற்றே திரும்பிப் பாருங்கள். கொதிநிலை, மின்சுற்று, பாஸ்கல் விதி, இணைகர விதி, திருப்புத்திறன், தடையின்றி விழும் பொருளின் காலம். இவை யாவும் நம் பள்ளிக் கூடத்துக் கரும்பலகையில் எழுதப்படுபவை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்துவிடும் அப்பாடங்களே பட்டறையில் விரலையும் உயிரையும் காக்கின்றன. ‘பட்டறைக்குப் போகிறவனுக்குப் படிப்பு எதற்கு’ என்று பத்தாவதோடு பள்ளியை விட்டு நிறுத்தும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுபுறம், படித்த பிள்ளை கையில் கரி பூசலாமோ என்று தயங்குவோரும் நம்மிடையே உண்டு. கை வேலையை இழிவென்று நமக்குக் கற்பித்தது, நம் கைகளால் உண்டு வாழ்ந்த பழைய சமூகம். அந்தப் பாடத்தை நாம் திருப்பி ஒப்புவிக்க வேண்டியதில்லை. அதே வேளையில், ‘உங்களுக்குத் தொழிற்பயிற்சி போதும், கல்லூரி எதற்கு’ என்று நம்மை ஓரிடத்தில் நிறுத்த முயல்வோருக்கும் இடங்கொடுக்கலாகாது. ஸ்பானர் பிடிக்கும் கையே நாளை எஞ்சினை வரைந்து வடிவமைக்கும் கையாகவும் வளர வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில், பத்தாம் வகுப்புத் தேறியோர் 2 ஆண்டுகள் பயிலும் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு உள்ளது. இட ஒதுக்கீடும் உண்டு. 1961-ஆம் ஆண்டு இயற்றிய தொழிற்பழகுநர் சட்டம் தொழிற்சாலைகளில் உதவித் தொகையோடு பழகும் வாய்ப்பை ஏற்படுத்தியது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைப் பட்டறையில் வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடை செய்கின்றது. அப்படியொரு பிள்ளையைக் கண்டால் நம் கழகத்தார் அவனைப் பள்ளிக்கு அழைத்து வருதல் வேண்டும். வேலையில் நேரும் விபத்துக்கு நட்டஈடு தரும் சட்டம் 1923-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அந்த உரிமை இன்றும் தொழிலாளிக்கு உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளையும் பெற்ற கூலியையும் எழுத்தில் வைத்திருந்தால்தான் உரிமையை எளிதில் நிலைநாட்ட முடியும்.

நம் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாக, ஒரு பழைய எஞ்சினையும், எடை குறித்த ஒரு செயின் பிளாக்கையும், நான்கு இரும்புத் தாங்கிகளையும் வாங்கி நம் படிப்பகத்தின் பின்புறம் வைப்போம். ஞாயிறுதோறும் தொழில் அறிந்த மூத்தவர் ஒருவர் கற்பிக்கட்டும். அருகில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் நின்று காரணத்தைச் சொல்லட்டும். பெண் பிள்ளைகளும் கற்கட்டும். இக்கணக்கு ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை.

நம் முன்னோர் சுமந்த சுமைகளுக்குக் கணக்கில்லை. எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், என்ன கூலி என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. நம் பிள்ளைகள் சுமையைத் தொடுமுன் அதன் எடையைக் கேட்கட்டும். தூக்கும் சங்கிலியின் வலிமையைக் கேட்கட்டும். செய்த வேலைக்குரிய கூலியையும் கேட்கட்டும். கேட்கக் கற்றுக் கொடுப்பதே கல்வி. அக்கல்வியை இருபத்தைந்து ஆண்டுகளாய் அளித்து வரும் இக்கழகம் மேலும் பல்லாண்டு வாழ்க என வாழ்த்துகின்றோம்.